மாயக் கதைகளை மீட்டுத் தந்த பண்டிதர் நடேச சாஸ்திரியார்

இளைய தலைமுறையினர் இன்று விரும்பிப் படிக்கும் நூல்களுள் மாயப் புதினங்கள் முதன்மையான இடத்தைப் பெற்றுள்ளன. நெருப்பை உமிழும் டிராகன்கள், மந்திரக் கோல்கள், வீட்டைத் துறந்து புறப்படும் இளைஞன், அவன் கடக்க வேண்டிய சோதனைகள் ஆகியவை அப்புதினங்களின் உறுப்புகளாகும். இவை யாவும் மேலைநாட்டுக் கற்பனை என்றே நம் மாணவர் பலர் எண்ணுகின்றனர். ஆனால் இத்தகைய கதைகள் நம் வீட்டுத் திண்ணைகளில் பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வந்தவை. அங்கே டிராகனின் இடத்தில் நாகராசன் இருந்தான். மந்திரக் கோலின் இடத்தில் நாகமணி ஒளிர்ந்தது. அக்கதைகள் வாய்மொழியோடு மறைந்துவிடாமல் அச்சில் ஏற்றிய பெருமகனார் ஒருவரின் வாழ்வை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அவர்தாம் பண்டிதர் ச. ம. நடேச சாஸ்திரியார்.

பிறப்பும் பணியும்

சங்கேந்தி மகாலிங்க நடேச சாஸ்திரியார் 1859ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் பிறந்தார். தமிழ், வடமொழி, ஆங்கிலம் ஆகியவற்றில் ஆழ்ந்த புலமை பெற்றதோடு வேறு பல மொழிகளையும் கற்றார். பட்டம் பெற்றபின் 1881இல், தம் இருபத்திரண்டாம் வயதில், தொல்லியல் துறையில் இராபர்ட் சிவெல் என்னும் அதிகாரியின்கீழ்ப் பணியில் அமர்ந்தார்.

கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் படித்துப் பொருள் காண்பது அவர்தம் பணியாக இருந்தது. சேம்சு பர்சசு தொகுத்த தமிழ், வடமொழிச் சாசனங்களின் நூல் 1886இல் சென்னையில் வெளிவந்தபோது, அதிலுள்ள மொழிபெயர்ப்புகளைச் செய்தவர் நடேச சாஸ்திரியாரே. கல்லில் எழுதியவை மழையாலும் வெயிலாலும் தேய்வதை அவர் நாள்தோறும் கண்டிருப்பார். அவ்வாறாயின், எதிலும் எழுதப்படாமல் நாவில் மட்டுமே வாழும் கதைகளின் நிலை என்னவாகும்? இவ்வினாவுக்கு அவர் தம் செயலால் விடை தந்தார் எனலாம்.

கதை தேடிய காலம்

செருமானிய நாட்டில் கிரிம் உடன்பிறப்புகள் தம் நாட்டுப்புறக் கதைத் தொகுப்பை 1812இல் வெளியிட்டனர். இந்தியாவில் மேரி பிரியர் என்னும் ஆங்கிலப் பெண்மணி தக்காணத்துக் கதைகளை 1868இல் நூலாக்கினார். ஆயினும் தமிழ்நாட்டுக் கதைகள் அன்று ஆய்வுலகின் கவனத்தை அவ்வளவாகப் பெறவில்லை. கற்றோர் காப்பியங்களைப் போற்றினர். பாட்டியின் கதையை இலக்கியமாகக் கருதவில்லை.

இந்நிலையில், பம்பாயிலிருந்து வெளிவந்த இந்தியன் ஆன்டிகுவரி என்னும் ஆய்விதழில் நடேச சாஸ்திரியார் தென்னிந்திய நாட்டுப்புறக் கதைகளை ஆங்கிலத்தில் எழுதலானார். அவை 1884 தொடங்கி 1893 வரை நான்கு பகுதிகளாக நூல்வடிவம் பெற்றன. தமிழிலும் திராவிட பூர்வகாலக் கதைகள், திராவிட மத்தியகாலக் கதைகள் என்னும் தொகுப்புகளை அவர் வெளியிட்டார்.

மதனகாமராசன் கதையை அவர் 1886இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதற்குத் திராவிட இரவுக் கேளிக்கைகள் என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். அரபு நாட்டு ஆயிரத்தொரு இரவுகள் அக்கால ஆங்கில வாசகர்களிடையே பெற்றிருந்த பெயரை அவர் அறிந்தே இத்தலைப்பைத் தேர்ந்திருக்க வேண்டும். ஒரு பெருங்கதையின் உள்ளே பல கதைகளை அடுக்கிச் சொல்லும் முறையிலும் இவ்விரு நூல்களும் உறவுடையவை.

நாகராசனும் பொற்கொல்லனும்

அவர் தொகுத்தவற்றுள் சோதிடரின் மகனைப் பற்றிய கதை தனிச்சிறப்புடையது. சாகுந்தறுவாயில் சோதிடர் ஒருவர் தம் இளைய மகன் கங்காதரனுக்கு அவன் எதிர்காலத்தைக் கணித்து எழுதி வைக்கிறார். பிறவி தொட்டு வறுமை, பத்தாண்டுச் சிறை, கடற்கரையில் மரணம், அதன்பின் சிறிது இன்பம் என்பதே அக்கணிப்பு. மரணத்திற்குப் பின் இன்பம் எவ்வாறு கிட்டும் என்னும் புதிரோடு கதை தொடங்குகிறது.

காசியை நோக்கிப் புறப்பட்ட கங்காதரன் வழியில் ஒரு பாழ்ங்கிணற்றில் நீர் முகக்க முயல்கிறான். அதனுள் விழுந்து கிடந்த புலியரசன், நாகராசன், எலியரசன் ஆகிய மூவரையும் ஒருவர்பின் ஒருவராக மீட்கிறான். நான்காவதாகக் கிடந்த பொற்கொல்லனை மீட்க வேண்டாவென விலங்குகள் எச்சரிக்கின்றன. மனிதனை மனிதன் கைவிடலாகாது என எண்ணி அவனையும் கரையேற்றுகிறான்.

பின்னாளில் புலியரசன் நன்றியுடன் அளித்த மணிமுடியைக் கண்ட பொற்கொல்லன், அரசனைக் கொன்றவன் இவனே எனக் காட்டிக் கொடுக்கிறான். கங்காதரன் நிலவறையில் அடைக்கப்படுகிறான். எலிகள் அவனுக்கு உணவு கொணர்கின்றன. நாகங்களும் புலிகளும் அந்நாட்டையே பழிவாங்குகின்றன. பத்தாண்டுகள் கழிந்தபின் உண்மை வெளிப்படுகிறது. மாண்டவர்கள் அவனால் உயிர்பெற்று எழுகின்றனர்.

சாகசம், மாயம், விலங்குத் துணை, நம்பிக்கைத் துரோகம் என இன்றைய மாயப் புதினம் வேண்டுவன அனைத்தும் இங்கு உள்ளன. மேலும் ஒரு செய்தி இங்கே எண்ணத்தக்கது. நன்றியுள்ள விலங்குகளும் நன்றிகெட்ட பொற்கொல்லனும் இடம்பெறும் இக்கதைக்கரு பஞ்சதந்திரத்திலும் காணப்படுகிறது. பஞ்சதந்திரம் பாரசீகம் சென்று, எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா என்னும் அறிஞரால் கலீலா வ திம்னா என அரபு மொழியில் அரங்கேறியது. அந்நூலிலும் இப்பொற்கொல்லன் உள்ளான். திருச்சிராப்பள்ளித் திண்ணைக்கும் பாக்தாது நகரத்து அவைக்கும் ஒரே கதை உறவுப்பாலம் அமைத்திருப்பது வியப்பளிக்கிறதன்றோ!

நடேச சாஸ்திரியார் சேர்த்த கதைகள் கடல் கடந்தும் சென்றன. கிங்சுகோட் அம்மையாரும் அவரும் இணைந்து 1890இல் இலண்டனில் ஒரு தொகுப்பை வெளியிட்டனர். அதிலிருந்து இக்கதையை எடுத்துச் சோசப் சேக்கப்சு 1892இல் தம் இந்திய மாயக்கதை நூலில் சேர்த்தார். அதன்வழி ஆங்கிலச் சிறுவர்களும் நம் நாகராசனை அறிந்தனர்.

புதின ஆசிரியர்

பழங்கதையோடு அவர் நின்றுவிடவில்லை. 1894இல் வெளிவந்த தானவன் என்னும் அவரது படைப்பு, தமிழின் முதல் துப்பறியும் புதினமாகக் கருதப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய வேளையில் தீனதயாளு முதலிய குடும்பப் புதினங்களையும் எழுதினார். இந்துக்களின் பண்டிகைகள், நோன்புகள் பற்றிய அவரது ஆங்கில நூல் 1903இல் வந்தது. இத்தனையும் அரசுப் பணியினிடையே செய்து முடித்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

1906இல் திருவல்லிக்கேணியில் நடைபெற்ற கோயில் திருவிழாவில் மிரண்டோடிய குதிரையின் காலில் மிதிபட்டு அவர் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயதுகூட நிறைவடையவில்லை. அவரது இந்திய நாட்டுப்புறக் கதைகள் என்னும் ஆங்கில நூல், அவர் மறைந்தபின் 1908இல் வெளியாயிற்று.

நிறைவும் குறைவும்

நடேச சாஸ்திரியாரின் பணியில் குறையே இல்லை என்று கூறுவதற்கில்லை. கதைகளைச் சொன்னவர்களின் பேச்சுமொழி அவர் நூல்களில் அப்படியே கிடைப்பதில்லை. புலவர் நடையில் அவர் அவற்றை மெருகேற்றினார். மேரி பிரியர் தமக்குக் கதை சொன்ன ஆயாவின் பெயரையும் வாழ்க்கையையும் தம் நூலில் பதிவு செய்தார். நடேச சாஸ்திரியாரின் கதைகளைச் சொன்ன பாட்டிமாரும் பணியாளரும் பெரும்பாலும் பெயரின்றியே போயினர். இன்றைய நாட்டுப்புறவியலார் சொல்பவரின் பெயர், ஊர், சொன்ன சூழல் அனைத்தையும் குறிக்கின்றனர். எனினும் ஒலிப்பதிவுக் கருவி கைக்கு எட்டாத காலத்தில், மதிப்பார் அருகியிருந்த ஒரு செல்வத்தை மதித்தார் என்பதே அவர்தம் பெருமை.

நம் கடமை

1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவான பின்னும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்த பின்னும், தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்து இவ்வட்டாரத்தில் குடியேறியோர் பலர். பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய குடியிருப்புகளிலும் அவ்வாறே. அவர்களோடு அவர்கள் ஊர்க் கதைகளும் வந்தன. நெல்லைக் கதையும் தஞ்சைக் கதையும் வடார்க்காட்டுக் கதையும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. முசுலிம் இல்லங்களில் ஓதப்பட்ட கிஸ்ஸாக்களும் அவற்றோடு உள்ளன. அவற்றைச் சொல்லத் தெரிந்தோர் முதுமையில் உள்ளனர். அவர்களுக்குப்பின் அக்கதைகளை யாரிடம் கேட்பது?

நடேச சாஸ்திரியார்க்குக் கிட்டாத வசதி இன்றைய மாணவர்தம் சட்டைப்பையில் கைப்பேசியாக உள்ளது. விடுமுறையில் ஒரு கதையேனும் கேட்டு, சொன்னவர் பெயரையும் ஊரையும் குறித்து, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி நம் தமிழ்த்துறையில் சேர்ப்போமாக. டிராகன்களைப் படித்து மகிழும் மாணவர், தம் வீட்டிலேயே காத்திருக்கும் நாகராசனையும் அறிந்துகொள்ளட்டும். அதுவே நாற்பத்தேழாண்டு வாழ்வில் இத்துணை அரும்பணி ஆற்றிய அப்பெருமகனார்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.