வாக்குரிமை இல்லாத பிரதிநிதி

ஹவாய்த் தீவுகளின் இளவரசர் ஜோனா கூஹியோவின் வாழ்க்கை என்னை வெகுவாகக் கவர்ந்தது. 1871-இல் பிறந்த இவர், கவிழ்க்கப்பட்ட முடியாட்சியை மீட்க 1895-இல் எழுந்த கிளர்ச்சியில் பங்கேற்றுச் சிறை சென்றார். 1898-இல் ஹவாயை அமெரிக்கா இணைத்துக் கொண்டது. ஆயுதத்தால் முடியாததை அவையில் பேசிப் பெற முனைந்தார் கூஹியோ.

1903 முதல் 1922-இல் இறக்கும்வரை அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஹவாயின் பிரதிநிதி இவரே. பேசலாம், மசோதா கொண்டு வரலாம். வாக்களிக்க மட்டும் முடியாது! இருந்தும், 1919-இல் ஹவாய்க்கு மாநிலத் தகுதி கோரும் முதல் மசோதாவைக் கொண்டு வந்தார். அது நிறைவேறவில்லை. ஆனால், பூர்வீக ஹவாய் மக்களுக்குச் சுமார் 2 இலட்சம் ஏக்கர் நிலத்தை ஒதுக்கும் சட்டம் இவரது முயற்சியால் 1921-இல் பிறந்தது.

1959-இல் ஹவாய் 50-ஆவது மாநிலமானது. அதைக் காண அவர் இல்லை.

எண்ணிக்கையில் குறைந்த நாம், பலமில்லை என்று வாய்மூடி இருக்கலாகாது என்பதை இவரிடமே நான் கற்றேன்.