சுவடு காட்டிய அணுக்கள்

பரீட்சையிலே தவறி மனந்தளர்ந்த மாணவரைக் காணும்போதெல்லாம், விஞ்ஞான ஆசிரியனாகிய நான் ஜோர்ஜ் டி ஹெவெசியின் சரிதத்தைச் சொல்வது வழக்கம்.

1885ஆம் ஆண்டு புடாபெஸ்ற் நகரில், யூத வம்சத்துச் செல்வக் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். 1911இல் மன்செஸ்ரர் சென்று றதபோட்டின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். ஈயக் குவியலினின்றும் இரேடியம் டீ என்னும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைப் பிரித்தெடுக்குமாறு ஆசான் பணித்தார். பலகால் முயன்றும் பிரிக்க இயலவில்லை. அதுவும் ஈயத்தின் ஒரு வகையே என்பது பின்னரே தெளிவாயிற்று. ஈயத்தை விட்டு நீங்காத பொருளாயின், ஈயம் செல்லுமிடமெல்லாம் அதுவும் செல்லுமன்றோ? அது வீசும் கதிரைக்கொண்டு ஈயத்தின் வழியையே அறியலாமன்றோ? இவ்வெண்ணத்தை 1913இல் வியன்னாவிலே பானெத்துடன் கூடிச் செயற்படுத்தினார். 1923இல் அவரைச் செடியின் வேர் ஈயத்தை உறிஞ்சும் அளவை இம்முறையாலே கண்டறிந்தார்.

1935இல் கொப்பன்கேகனில் எலிகளுக்குக் கதிர்த்தொழிற்பாட்டுப் பொசுபரசை ஊட்டினார். ஏறத்தாழ 14 நாளிற் பாதியாகத் தேயும் அப்பொருள் எலும்பினுட் புகுவதையும் மீண்டு வெளியேறுவதையும் கண்டார். கல்லெனத் தோன்றும் எலும்பும் ஓயாது புதுப்பிக்கப்படுகின்றதென்னும் உண்மை வெளிப்பட்டது.

1940இல் ஜேர்மன் படை அந்நகரிற் புகுந்தது. லவுவே, பிராங்க் என்னும் இரு அறிஞரின் நோபல் தங்கப் பதக்கங்கள் அப்போது ஆய்வுகூடத்திலே இருந்தன. பெயர் பொறித்த அவை பகைவர் கையிற் சிக்கின் உரியோருக்கு ஆபத்து. ஹெவெசி அவற்றை இராசதிராவகத்திற் கரைத்துத் தட்டிலே வைத்துவிட்டார். படையினர் கண்டிலர். போர் முடிந்தபின் அத்தங்கம் மீட்கப்பட்டு, மீண்டும் பதக்கமாயிற்று.

1943இல் அவரும் சுவீடனுக்குத் தப்பிச் சென்றார். அவ்வாண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. பொசுபரசு டி.என்.ஏ.யின் உறுப்பாதலால், அதன் உருவாக்கத்தையும் அவர் அளந்தார். எலியின் கட்டிகளிலே எக்ஸ் கதிர் அவ்வுருவாக்கத்தைத் தடுப்பதை ஒயிலருடன் கூடிக் காட்டினார்.

பின்வந்தோர் தைமிடீன் என்னும் டி.என்.ஏ. கூறுக்குக் கதிர்த்தொழிற்பாட்டு அடையாளமிட்டனர். பெரிதும் மீளப் பயன்படாத அயடீன் சேர்ந்த மாற்றுப்பொருளோடு அதனை ஒப்பிட்டனர். மடிந்த கலங்கள் விட்ட தைமிடீனில் ஒரு பகுதி, புதிய கலங்களின் டி.என்.ஏ.யிலே மீண்டும் சேர்வது புலனாயிற்று.

ஹெவெசி 1966இல் பிறைபேர்க் நகரிற் காலமானார். பின்னாளில் அவரது எச்சங்கள் பிறந்த நகருக்கே கொண்டுசெல்லப்பட்டன.

கரைந்த தங்கம் பதக்கமாயிற்று. மடிந்த கலத்தின் துணுக்கு புதுக் கலத்திற் புகுந்தது. மன்செஸ்ரரில் அடைந்த தோல்வி ஒரு புதுக் கலையாய் மலர்ந்தது. தம்பிமாரே, உங்கள் உழைப்பும் வீண்போகாது என்று கூறி, நான் பாடத்தைத் தொடங்குவேன்.