பச்சையப்பர் சொத்து யாருடையது?

கடப்பாக்கத்துக் கடற்கரைக்கு அண்மையில் சென்றிருந்தோம். மாமல்லபுரத்தைக் கடந்து, புதுவை நோக்கித் தெற்கே ஓடும் சாலையில், கழியும் பனையும் சூழ்ந்த ஊர் அது. ஊரை ஒட்டினாற்போல் ஆலம்பரைக் கோட்டை. கோட்டை என்று பெயர்தான் மிச்சம்! செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய மதில் வாய்பிளந்து கிடக்கிறது. மொகலாயர் காலத்தில் எழுந்த கோட்டை; நாணயம் அடித்த கோட்டை; 1750-இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குப் பரிசாகத் தரப்பட்ட கோட்டை; 1760-இல் ஆங்கிலப் படை பிடித்து இடித்துத் தள்ளிய கோட்டை. எஞ்சி நின்றதையும் 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்து அறைந்துவிட்டுப் போயிற்று. பொன்னும் வெள்ளியும் நாணயமாகிக் குவிந்த இடத்திலே இன்று ஆடு மேய்கிறது.

இடிந்த மதிலின் நிழலில் ஓர் இளைஞர் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். மீனவர் வீட்டுப் பிள்ளை. காஞ்சிபுரத்திலே பச்சையப்பன் கல்லூரியில் படிக்கிறார். விடுமுறைக்கு வீடு வந்திருக்கிறார். அவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தானாம். மகிழ்ந்தோம். அந்தப் பச்சையப்பர் யார், தெரியுமா என்று கேட்டோம். யாரோ பெரிய பணக்காரராம், கோயில்களுக்கு வாரி வழங்கியவராம் என்றார். பிழையில்லை. ஆனால் அது பாதிக் கதை. மறுபாதியை அந்த இளைஞருக்குச் சொன்னோம். அதையே இன்று உங்களுக்கும் சொல்கிறோம்.

ஆலம்பரைக் கோட்டை இடிந்து விழுந்தபோது பச்சையப்பருக்கு வயது ஆறு. 1754-இல் பிறந்தவர். ஊர், சென்னைக்கு வடமேற்கே உள்ள பெரியபாளையம். பழைய செங்கற்பட்டு மாவட்டத்து ஊர். பிள்ளை பிறக்குமுன்பே தந்தை விசுவநாத முதலியார் மறைந்தார். கைம்பெண்ணான தாய் பூச்சியம்மாளுக்கு அடுத்த வேளைச் சோற்றுக்கே பிறர் துணை தேவைப்பட்டது. பெரியபாளையத்து ரெட்டிராயர் என்ற பெரியவர் ஆதரித்தார். அந்த ஆதரவும் போனபின், தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்னைப் பட்டணம் வந்தார். அங்கே கைகொடுத்தவர் பவுனி நாராயண பிள்ளை. ஆங்கில வணிகர்களிடம் துபாஷாக இருந்தவர்.

துபாஷ் என்றால் என்ன? இரண்டு மொழி தெரிந்தவன் என்று பொருள். வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியாது. நெசவாளிக்கும் உழவனுக்கும் ஆங்கிலம் தெரியாது. இருவருக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றித் தருபவன் துபாஷ். பேச்சோடு நின்றதா அவன் வேலை? இல்லை. சரக்கு வாங்கித் தருவான், கடன் கொடுப்பான், வரி வசூலிப்பான், கைமாறும் பணத்திலே தன் பங்கையும் எடுத்துக்கொள்வான். அந்தக் காலத்துச் சென்னையில் செல்வத்தின் வாசற்படி அதுதான். நாராயண பிள்ளையின் நிழலிலே மொழியும் கணக்கும் வாணிபமும் கற்ற சிறுவன், இளைஞனாவதற்குள் அந்தப் படியில் ஏறிவிட்டான்.

ஏறியவர் வேகமாகவே ஏறினார். கூவத்தின் கரையிலே கோமளீசுவரன்பேட்டையில் குடியிருந்தார். கும்பெனியாரின் வரி வசூல் வேலையாகத் தஞ்சைச் சீமைக்குச் சென்றார். தஞ்சை அரசருக்கே கடன் கொடுக்கும் அளவுக்குக் கை ஓங்கியது. பசித்த வயிற்றோடு பட்டணம் வந்த பிள்ளை, நாற்பது வயதுக்குள் நாட்டின் பெரும் செல்வர்களில் ஒருவரானார்.

இங்கே நாம் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தச் செல்வம் வானத்திலிருந்து கொட்டவில்லை. வரிப்பணம் என்பது உழவன் களத்திலே அளந்த நெல். வட்டிப்பணம் என்பது அரசன் தன் குடிகளிடமிருந்து மீண்டும் கறக்கப்போகும் பணம். ஐதர் அலியின் படையெடுப்பும் அதைத் தொடர்ந்த பஞ்சமும் இந்த நாட்டை உலுக்கிய காலம் அது. அந்தக் காலத்திலே திரண்ட பொருளில் ஏழையின் வியர்வை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. பச்சையப்பரைத் தூற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தச் சொத்து கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதன் அருமை தெரியவேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

ஏனெனில் இந்தக் கடற்கரையில் பொருள் திரட்டியவர் பலர். அந்தப் பொருளில் பெரும்பகுதி கப்பலேறிப் போயிற்று. சென்னைக் கோட்டையிலே 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்த எலிகு யேல் என்ற ஆங்கிலேயரை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே சேர்த்த செல்வத்தோடு சீமைக்குத் திரும்பினார். 1718-இல் அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரிக்குத் துணிப்பொதிகளும் நூல்களும் அனுப்பினார். அந்தக் கல்லூரி அவர் பெயரையே சூட்டிக்கொண்டது. இன்று உலகம் போற்றும் யேல் பல்கலைக் கழகம் அதுதான்! சென்னையிலே திரண்ட செல்வம் கடல் கடந்து ஒரு கல்லூரிக்குப் பெயராயிற்று. சென்னைப் பிள்ளைக்கு? அவனுக்கு அடுத்த நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. காத்திருப்பு முடிந்தபோது, வெளிநாட்டுச் செல்வன் எவனும் வரவில்லை. பெரியபாளையத்துக் கைம்பெண்ணின் மகன் விட்டுச் சென்ற பணம் வந்தது.

அது வந்த வழி நேர்வழியா? அதுதான் வேடிக்கை!

1794-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பச்சையப்பர் நோய்வாய்ப்பட்டுக் காவிரிக் கரையில் இருந்தார். அந்த மாதம் 22-ஆம் நாள் கும்பகோணத்தில் தம் விருப்பத்தை எழுதிவைத்தார். தம்மை வளர்த்து ஆளாக்கிய நாராயண பிள்ளையையே அதை நிறைவேற்றும்படி கேட்டுக்கொண்டார். 31-ஆம் நாள் திருவையாற்றில் கண்ணை மூடினார். நாற்பதே வயது.

அவர் எழுதி வைத்ததில் பள்ளிக்கூடம் உண்டா? கல்லூரி உண்டா? இல்லை. அவர் காலத்து வழக்கப்படி கோயில் பூசையும் விழாவும் அன்னதானமும்தான் அவர் கருதிய அறம். அதற்காக அவரைக் குறை கூற மாட்டோம்; அன்றைய செல்வர் எவருக்கும் அறம் என்றால் அதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த அறம்கூட எளிதில் நடந்ததா? உரிமை கொண்டாடி உறவினர் எழுந்தனர். வழக்கு எழுந்தது. வழக்கின்மேல் வழக்கு வளர்ந்தது. ஆண்டுகள் உருண்டன. எழுதியவர் சாம்பலானார், எழுத்து நீதிமன்றக் கட்டுகளுக்குள் உறங்கியது.

உறங்கியதை எழுப்பியவர்கள் சிலர். கும்பெனி அரசின் தலைமை வழக்கறிஞர்கள் அதைப் பொதுச்சொத்து என்று வாதாடினர். அவர்களில் ஜார்ஜ் நார்ட்டன் என்பவரின் பெயர் மறக்கக்கூடாதது. அன்று சென்னையில் சுப்ரீம் கோர்ட்டு என்ற பெயரில் இயங்கிய நீதிமன்றம் அந்தப் பணத்தை மீட்டது. நகரத்து இந்துப் பெரியவர்கள் அடங்கிய அறங்காவலர் குழு அமைந்தது. கோமளீசுவரன்பேட்டை சீனிவாசப் பிள்ளை போன்ற முற்போக்காளர் அதில் இருந்தனர். கணக்குப் பார்த்தார்கள். தூங்கிய பணம் தூங்கவில்லை, வட்டியோடு வளர்ந்திருந்தது! குறிப்பிட்ட கோயில் அறங்கள் அனைத்துக்கும் ஒதுக்கிய பிறகும் பெருந்தொகை மிஞ்சி நின்றது. அந்த மிச்சம் கல்விக்கு என்று முடிவாயிற்று.

நினைத்துப் பாருங்கள், நண்பர்களே! இறைவன் பெயரால் எழுதிய பணம். அந்த இறைவனுக்குப் படைத்தது போக மிஞ்சியது. மிச்சத்திலிருந்துதான் நம் நாட்டு ஏழைப் பிள்ளைக்கு எழுத்து கிடைத்தது!

1842-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், சென்னைப் பிராட்வேயில் பச்சையப்பர் பள்ளி திறந்தது. பாதிரிமார் நடத்திய பள்ளி 1837-லேயே இருந்தது. அரசினர் உயர்நிலைப் பள்ளி 1841-இல் பிறந்திருந்தது. ஆனால் அரசின் பணமும் பாதிரியின் பணமும் இல்லாமல், நம் மண்ணில் பிறந்தவர் ஒருவர் விட்டுச் சென்ற பணத்தில், நம்மவர் மேற்பார்வையில் எழுந்த பள்ளி இது. சென்னைப் பல்கலைக் கழகம் பிறப்பதற்குப் பதினைந்து ஆண்டு முந்தியது. 1846-இல் புதுக் கட்டிடத்துக்குக் கால்கோள் நடந்தது. 1850-இல் ஆளுநர் பாட்டிங்கர் திறந்துவைத்தார். கிரேக்க நாட்டுக் கோயிலைப் போலத் தூண்கள் நிமிர்ந்து நிற்கும் அந்த மண்டபத்தைச் சைனா பசார் சாலையில் இன்றும் காணலாம். பள்ளி வளர்ந்தது, 1889-இல் முதல்நிலைக் கல்லூரியாயிற்று. 1940-இல் சேத்துப்பட்டுக்குக் குடிபெயர்ந்தது.

கட்டிடம் வளர்ந்தது சரி. கதவு எவ்வளவு திறந்தது? நாம் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

இந்துக்களுக்கு மட்டுமே என்றது கல்லூரி விதி. முசுலிம் மாணவனுக்கும் கிறித்தவ மாணவனுக்கும் இடமில்லை. இந்துக்களுக்கு என்றார்களே, எல்லா இந்துக்களுக்குமா? ஆதி திராவிட மாணவனுக்கு அந்தக் கதவு நெடுங்காலம் சாத்தியே கிடந்தது. கோயில் வாசலில் நின்ற தடை கல்லூரி வாசலிலும் வந்து நின்றது! வரி கொடுத்தபோது உழவனின் சாதியை எவரும் கேட்கவில்லை. படிக்க வந்தபோது மட்டும் கேட்டார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்து, கேள்விகள் எழுந்து, உரிமைக் குரல் ஓங்கிய பிறகே அந்தக் கொடுமை நீங்கியது. மதத்தின் பேரால் நின்ற தடையோ 1947 வரை நீடித்தது. நாடு விடுதலை பெற்ற ஆண்டில்தான் பச்சையப்பன் கல்லூரியின் கதவும் எல்லோருக்குமாகத் திறந்தது. பள்ளி தொடங்கி நூற்றைந்து ஆண்டு கழித்து!

திறந்த கதவு என்ன செய்யும் என்பதற்குச் சான்று வேண்டுமா? 1906-இல் கும்பகோணத்திலிருந்து ஓர் ஏழை மாணவர் வந்து சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை, எஃப்.ஏ. தேர்வில் தோற்றுப்போனார். ஆயினும் கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அந்த மாணவரின் ஆற்றலைக் கண்டுகொண்டார். அந்த மாணவர்தான் பின்னாளில் உலகம் வியந்த இராமானுசன். தேர்வுத்தாளுக்குத் தெரியாதது ஓர் ஆசிரியரின் கண்ணுக்குத் தெரிந்தது.

இன்னொருவர், காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. அவ்வூர்ப் பச்சையப்பன் பள்ளியில் படித்தார். குடும்ப நிலை நெருக்க, நகராட்சி அலுவலகத்தில் சிறிது காலம் எழுத்தராக இருந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1934-இல் பொருளாதாரமும் அரசியலும் பயின்று ஆனர்சு பட்டம் பெற்றார். 1967-இல் இந்த நாட்டின் முதலமைச்சரானார். அறிஞர் அண்ணா! தஞ்சை உழவனிடம் வாங்கிய வரி, ஒன்றரை நூற்றாண்டு சுற்றி வந்து, காஞ்சி நெசவாளியின் வீட்டுப் பிள்ளைக்கு நாவன்மையும் அறிவும் ஆயிற்று என்று சொன்னால், அது மிகையா? மு. வரதராசனார் அங்கேதான் தமிழ் கற்பித்தார். பேராசிரியர் அன்பழகன் அங்கேதான் விரிவுரையாளராக இருந்தார். அந்த வகுப்புகளிலிருந்து தமிழ் உணர்வு தெருவுக்கு வந்தது. தெருவிலிருந்து மேடைக்கு வந்தது. மேடையிலிருந்து ஆட்சிக்கு வந்தது.

1947-இல் காஞ்சியிலும் கல்லூரி எழுந்தது. பிறகு மகளிருக்கும் கல்லூரிகள் எழுந்தன. சென்னை, காஞ்சி, கடலூர் என மூன்று ஊர்களில் ஆறு கல்லூரிகள் இந்த அறக்கட்டளையின் கீழ் நடக்கின்றன. பச்சையப்பரைப் பார்த்துப் பிற செல்வர்களும் தங்கள் சொத்தை இதே அறங்காவலரிடம் ஒப்படைத்தார்கள். ஒரு விளக்கு பல விளக்கை ஏற்றியது.

ஆனால் விளக்கு இருந்தால் போதுமா? எண்ணெய் திருடு போகாமல் பார்க்க வேண்டாமா? அண்மை ஆண்டுகளிலும் இந்த அறக்கட்டளையின் நிர்வாகம் வழக்குக்கு உள்ளாயிற்று. உயர்நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதியை நிர்வாகியாக அமர்த்தும் நிலை வந்தது. 1794-இல் தொடங்கிய பழைய கதையின் சாயல் இதில் இல்லையா? அன்று பணம் 48 ஆண்டு சிக்கிக் கிடந்தது. அந்த 48 ஆண்டில் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் எழுத்தறியாமல் மாண்டார்கள்! அந்த இழப்புக்குக் கணக்கு எழுதியவர் யார்?

ஆகவே சொல்கிறோம்: கல்லூரியைக் கொடுத்தவர் பச்சையப்பர் ஒருவர் மட்டுமல்லர். பணத்தை மீட்டவர்கள் கொடுத்தார்கள். மிச்சத்தைக் கல்விக்கு என்று திருப்பியவர்கள் கொடுத்தார்கள். சாத்திய கதவைத் தட்டியவர்கள், தட்டித் தட்டித் திறக்கச் செய்தவர்கள் கொடுத்தார்கள். எல்லோருக்கும் முன்னால், பெயர் தெரியாத உழவர்கள் கொடுத்தார்கள். அந்தச் சொத்து எந்தக் குடும்பத்துக்கும் உரியதல்ல. எந்தக் குழுவுக்கும் உரியதல்ல. படிக்க வரும் பிள்ளைக்கு உரியது.

கடப்பாக்கத்து இளைஞர் கேட்டுக்கொண்டே இருந்தார். பொழுது சாய்ந்தது. அலை வந்து கோட்டையின் செங்கல்லை இன்னும் கொஞ்சம் கரைத்துவிட்டுப் போயிற்று. அவர் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்தார். அடுத்த வாரம் கல்லூரி திறக்கிறதாம். தம்பியையும் அங்கே சேர்க்க விண்ணப்பம் வாங்கி வரவேண்டுமாம். வாங்கி வரட்டும். நாணயம் அடித்த கோட்டை மண்ணாயிற்று. பச்சையப்பரின் நாணயமோ அந்த வீட்டிலே இன்னொரு பட்டதாரியை உருவாக்கப் போகிறது. அது அவர்களுக்கு எவரும் போடும் பிச்சையல்ல. அவர்கள் பாட்டன் பூட்டன் கொடுத்து வைத்தது. உரிமையோடு போய்ப் பெறட்டும்!