சதுரங்க மேதை மிகேல் நைடோர்ப்

சதுரங்கம் ஆடிப் புகழ் தேடியவர் பலர். ஆனால், பிரிந்த தம் குடும்பத்தாருக்குச் செய்தி அனுப்புவதற்காகவே சதுரங்கம் ஆடியவர் ஒருவர் இருந்தார். அவரே மிகேல் நைடோர்ப். அவர்தம் வரலாற்றை நாம் ஈண்டுக் காண்போம்.

போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில், 1910ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 15ஆம் நாள், யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மோய்ஷே மெண்டல். இளமையிலேயே சதுரங்கத்தில் தேர்ச்சி பெற்ற அவர், தார்த்தகோவர் என்னும் வல்லுநரைத் தம் ஆசானாக ஏற்றார்.

1939ஆம் ஆண்டு, அர்ஜெண்டினாவின் தலைநகரான புவனோஸ் அயர்சில் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. மனைவியையும் குழந்தையையும் ஊரில் விட்டு, போலந்துக் குழுவினருடன் நைடோர்ப் கப்பலேறினார். போட்டி நடந்துகொண்டிருக்கையில், செப்டம்பர் 1ஆம் நாள், ஜெர்மானியப் படை போலந்துக்குள் புகுந்தது. அப்போட்டியில் ஜெர்மனி முதலிடம் பெற்றது. போலந்து அரைப் புள்ளி குறைவாகப் பெற்று இரண்டாமிடம் அடைந்தது. இரண்டாம் பலகையில் ஆடிய நைடோர்ப்புக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆயினும், தாயகம் திரும்பும் வழி அடைபட்டுப் போயிற்று.

அவர் அர்ஜெண்டினாவிலேயே தங்கினார். அந்நாட்டு மொழியைக் கற்றார். 1944ஆம் ஆண்டு அதன் குடிமகனானார். மோய்ஷே, மிகேல் ஆனார்.

குடும்பத்தாரைப் பற்றி ஒரு செய்தியும் கிட்டவில்லை. கடிதம் செல்லாத இடத்திற்கும் செய்தித்தாள் செல்லும் அல்லவா? அரிய சாதனை ஒன்று புரிந்தால் உலக ஏடுகள் அதனை வெளியிடும்; உயிரோடிருக்கும் உறவினர் எவரேனும் படிப்பர் என அவர் எண்ணினார். 1943இல் 40 பேருடன், பலகையைக் காணாமலே, ஒரே வேளையில் ஆடினார். 1947இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் 45 பேருடன் அவ்வாறே ஆடினார். ஏறத்தாழ 23 மணி நேரம் நீடித்த அவ்வாட்டத்தில் 39 வெற்றி, 4 சமன், 2 தோல்வி எனப் பெற்று உலகை வியக்க வைத்தார். ஏடுகள் அவரைப் புகழ்ந்தன. ஆனால், அவர் எதிர்பார்த்தவர்கள் வரவில்லை. மனைவி, குழந்தை, பெற்றோர், உடன்பிறந்தார் நால்வர் ஆகிய அனைவரும் நாஜிகளின் கொடுமைக்கு இரையாகி மாண்டிருந்தனர்.

இத்துயரிலும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1950இல் கிராண்ட் மாஸ்டர் பட்டம் முதன்முதலாக வழங்கப்பட்ட 27 பேரில் அவரும் ஒருவர். 1950, 1952, 1954 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பியாட்டுகளில் அர்ஜெண்டினா இரண்டாமிடம் பெற அவர் பெரிதும் துணைநின்றார். 1970இல், தம் 59ஆம் வயதில், முன்னாள் உலக வெற்றியாளர் தாலுடன் நான்கு ஆட்டங்கள் ஆடிச் சமன் கண்டார். சிசிலியன் தற்காப்பின் ஒரு பிரிவு இன்றும் அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. 1997ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில் அவர் காலமானார்.

மாணவச் செல்வங்களே! அடைக்கலம் தந்த நாட்டிற்கு உண்மையாய் உழைப்பது, பிறந்த மண்ணையும் பெற்றோரையும் மறப்பதாகாது. இழந்தவர்களை நெஞ்சில் சுமந்துகொண்டே வாழ்ந்து காட்டிய நைடோர்ப்பை நாமும் நினைவிற் கொள்வோமாக.