ஸர் ஜான் சார்ன்லி

இடுப்பு மூட்டு தேய்ந்து முடங்கியோரை நடக்கச் செய்த ரண வைத்தியர் ஸர் ஜான் சார்ன்லி 1911ஆம் வருஷம் இங்கிலாந்தில், லங்காஷயரைச் சேர்ந்த பெரி நகரில் ஜனித்தார். ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் அவர் தொடையெலும்பின் தலையை நீக்கி உலோகக் குண்டு பொருத்தி, அது சுழல இடுப்பெலும்பில் டெப்ளான் கிண்ணம் பதித்தார். நோயாளிகள் வலி நீங்கி நடந்தனர். ஆனால் சில வருஷங்களில் கிண்ணம் தேய்ந்தது. உதிர்ந்த துகள்கள் சுற்றிலும் கேடு விளைத்தன. சார்ன்லி தோல்வியை மறைத்தாரில்லை. நோயாளிகளுக்கு மறு சிகிச்சை செய்தார். டெப்ளானைத் தம் தொடையிலேயே புகுத்திப் பரீக்ஷித்தார். 1962ல் பாலிஎதிலீன் கிண்ணத்தைக் கையாண்டார், அது நிலைத்தது.

புகழ் வந்த பின்னரும், தம் ஆஸ்பத்திரியில் பயின்ற வைத்தியர்களுக்கன்றிப் பிறருக்கு அக்கருவிகளை விற்கப் பல வருஷம் அவர் இசையவில்லை. 1977ல் ஸர் பட்டம் பெற்று, 1982ல் காலமானார்.

கருவி சிறந்ததாயினும் கை பழகியதாயிருத்தல் வேண்டும் என்பதே அவர் வாழ்க்கை புகட்டும் பாடம். ஆகவே மூட்டு மாற்றிக்கொள்ள விரும்புவோர், இச்சிகிச்சையை எத்தனை பேருக்குச் செய்தீர், பத்து வருஷத்திற்குப் பின் அவர்கள் நிலை யாது என்று சர்ஜனைக் கேட்கக் கூசலாகாது. அக்கேள்விக்குச் சினப்பவரை விட்டு விலகுதலே விவேகம் என்போம்.