தெரிந்து ஒப்படைத்தவர்

நுழையும்முன்

சிறு கடையாக இருக்கும்வரை வீட்டில் உள்ளவர்களே கல்லாவில் அமர்ந்து தொழிலை நடத்திவிடலாம். அதுவே பேராலையாக வளர்ந்துவிட்டால் உறவினர் அல்லாத ஒருவரிடமும் சாவியைக் கொடுத்தாக வேண்டும். யாரிடம் கொடுப்பது? எந்த அளவுக்குக் கொடுப்பது? ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வினாக்களை எதிர்கொண்ட ஒருவரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஜாம்ஷெட்ஜி நுசர்வான்ஜி டாடா 1839ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் குசராத்தின் நவசாரியில் பிறந்தார். அவருடையது பார்சி சமயக் குருமார் குடும்பம். அம்மரபிலிருந்து விலகி வணிகத்தில் இறங்கியவர் தந்தை நுசர்வான்ஜி. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1858இல் படிப்பை முடித்த ஜாம்ஷெட்ஜி, தந்தையின் நிறுவனத்தில் சேர்ந்தார். வணிகத்தின் பொருட்டு ஹாங்காங்குக்கும் பின்னர் இலண்டனுக்கும் சென்றார்.

அக்காலத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரினால் இந்தியப் பருத்தியின் விலை உச்சத்தில் இருந்தது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. பம்பாயின் பல நிறுவனங்கள் வீழ்ந்தன. டாடா குடும்பமும் பெரும் இழப்புக்கு உள்ளாயிற்று. இலண்டனில் இருந்த ஜாம்ஷெட்ஜி கடன் கொடுத்தோரிடம் உண்மை நிலையை மறைக்காது எடுத்துரைத்தார். 1868இல் 21,000 ரூபாய் முதலீட்டில் தமக்கெனத் தனி வணிக நிறுவனத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்பது.

நொடித்துப்போன எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கிப் பஞ்சாலையாக மாற்றினார். சில ஆண்டுகளில் அதை இலாபத்துக்கு விற்றார். பின்னர் இங்கிலாந்தின் இலங்காஷயருக்குச் சென்று நெசவுத் தொழிலை நேரில் ஆராய்ந்தார். எல்லோரும் பம்பாயிலேயே ஆலை கட்டிக்கொண்டிருந்த வேளையில் அவர் நாக்பூரைத் தேர்ந்தெடுத்தார். கரிசல் நிலத்துப் பருத்தி அங்கே அருகிலேயே விளைந்தது. இரயில் பாதை இருந்தது. நிலக்கரியும் தொலைவில் இல்லை. 1874இல் 15 இலட்சம் ரூபாய் மூலதனத்துடன் நிறுவனம் உருவாயிற்று. வாங்கிய நிலமோ சதுப்பு. அதை மேடாக்கிக் கட்டிய ஆலை 1877 சனவரி 1 அன்று இயங்கத் தொடங்கியது. விக்டோரியா இந்தியப் பேரரசியாக அறிவிக்கப்பட்ட நாள் அது. ஆகவே எம்பிரஸ் ஆலை எனப் பெயர் பெற்றது.

பம்பாயிலிருந்து நாக்பூர் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவு. உரிமையாளர் நாள்தோறும் சென்று மேற்பார்வையிட இயலாது. அண்ணன் மகன், மைத்துனன் என்று யாரையேனும் அங்கே அமர்த்துவதே அன்றைய வழக்கம். ஜாம்ஷெட்ஜியோ பெஸோன்ஜி தாதாபாய் மேத்தா என்பவரை மேலாளராக அமர்த்தினார். பெஸோன்ஜி உறவினர் அல்லர். பஞ்சாலைக்குள் பணியாற்றிய பட்டறிவும் அவருக்கு இல்லை. கிரேட் இந்தியன் பெனின்சுலா இரயில்வேயின் சரக்குப் பிரிவில் பணிபுரிந்தவர். சரக்கை ஒழுங்காக நகர்த்தவும், கணக்கைப் பிசகின்றி வைக்கவும், பலதரப்பட்ட ஆட்களிடம் வேலை வாங்கவும் அறிந்தவர். பொறிகளைப் பற்றிய அறிவுக்கு ஜேம்ஸ் புரூக்ஸ்பி என்னும் ஆங்கிலேய வல்லுநரை ஜாம்ஷெட்ஜி தனியே நியமித்தார். ஒருவரிடமே எல்லாத் திறமையையும் தேடாமல், பணியை இரண்டாகப் பகுத்து இருவரைத் தேர்ந்ததே இதிலுள்ள நுட்பம். பெஸோன்ஜியும் பார்சி சமூகத்தவரே என்பதை இங்குச் சொல்லியாக வேண்டும். குடும்ப எல்லையைத் தாண்டிய நம்பிக்கை முதலில் சமூக எல்லைக்குள்தான் அடியெடுத்து வைத்தது.

தொடக்க ஆண்டுகள் எளிதாக அமையவில்லை. முதலில் வாங்கிய பொறிகள் மலிவானவை. நூலின் தரம் குறைந்தது. பங்குகளின் விலை இறங்கிற்று. இத்தகைய நேரத்தில்தான் வெளியாளின்மீது முதற்பழி விழும். ஜாம்ஷெட்ஜி மேலாளரை மாற்றவில்லை, பொறிகளை மாற்றினார். இலங்காஷயரே தயங்கிக்கொண்டிருந்த வளையக் கதிர் முறையை எம்பிரஸ் ஆலையில் சோதிக்கச் செய்தார். புரூக்ஸ்பி அதை இயக்கிக் காட்டினார், உற்பத்தி பெருகியது.

தொழிலாளர்கள் அடிக்கடி வேலைக்கு வராமல் போவது பெஸோன்ஜியை வாட்டிய மற்றொரு சிக்கல். தண்டனைக்கு மாறாகப் பரிசளிப்பு விழாக்கள் நடத்தப்பட்டன. 1886இல் ஓய்வூதிய நிதியும் 1895இல் விபத்து இழப்பீடும் வந்தன. பட்டதாரி இளைஞர்களை ஆலையில் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளும் முறையும் ஏற்பட்டது. திட்டம் பம்பாயில் பிறந்தாலும் அதை நாள்தோறும் நடத்திக் காட்டியவர் நாக்பூரில் இருந்தவரே. பெஸோன்ஜிக்குப் பிற்காலத்தில் சர் பட்டமும் கிடைத்தது.

இதனால் ஜாம்ஷெட்ஜி குடும்பத்தாரை ஒதுக்கிவிட்டார் என்று கருதலாகாது. 1887இல் டாடா அண்டு சன்ஸ் நிறுவனத்தை அமைத்தபோது மூத்த மகன் தோராப்ஜியையும் உறவினர் ரத்தன்ஜி தாதாபாய் டாடாவையும் கூட்டாளிகளாக்கினார். உரிமை குடும்பத்திடம் இருந்தது. ஆலையின் அன்றாட ஆட்சி தகுதியுடையோரிடம் இருந்தது. வள்ளுவர் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் ஆகிய அதிகாரங்களை முடித்த கையோடு சுற்றந்தழாலை வைத்திருப்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது.

இரும்பாலை அமைக்கும் கனவு அவரை 1902இல் அமெரிக்காவுக்கு இட்டுச்சென்றது. அங்கே சார்லஸ் பேஜ் பெர்ரின் என்னும் பொறியாளரைச் சந்தித்து, இந்தியாவில் இரும்பாலை அமைத்துத் தருமாறு கேட்டார். முன்பின் அறியாத அந்த முதியவரின் பேச்சில் பெர்ரின் ஈர்க்கப்பட்டு இசைந்தார். அவர் அனுப்பிய நிலவியல் வல்லுநர் வெல்டு, தோராப்ஜியுடன் காடுமேடெல்லாம் அலைந்து தாது தேடினார். வங்காள நிலவியலாளர் பிரமதநாத் போஸ், மயூர்பஞ்சில் வளமான இரும்புத் தாது இருப்பதை 1904 பிப்ரவரியில் கடிதவழித் தெரிவித்தார். அதன் பயனைக் காண ஜாம்ஷெட்ஜிக்கு வாய்க்கவில்லை. அவ்வாண்டு மே 19 அன்று செருமனியின் நாவ்ஹைமில் அவர் மறைந்தார்.

அவர் தேர்ந்த வல்லுநர்கள் பணியைக் கைவிட்டுச் செல்லவில்லை. 1907இல் இரும்பு நிறுவனம் பதிவாயிற்று. 1912 பிப்ரவரியில் சாக்சியில் முதல் எஃகு வார்க்கப்பட்டபோது உலைக்களங்களை நடத்தியோர் அயல்நாட்டுப் பொறியாளர்கள். நிறுவனத்தின் தலைமையில் இருந்தவர் தோராப்ஜி.