டாக்டர் டுபாய்ஸின் கிராம ஆராய்ச்சி

ஆளும் ஜாதியார் ஆளப்படும் ஜனங்களைப் பற்றி எழுதி வைத்த புத்தகங்களுக்கு உலகில் பஞ்சமே இல்லை. நம் கிராமங்களையும் கிராம தேவதைகளையும் குறித்துக் கலெக்டர்களும் பாதிரிமார்களும் எழுதியவை அலமாரி அலமாரியாகக் கிடக்கின்றன. அடிமைத்தளையினின்றும் மீண்ட ஜனங்களில் ஒருவரே தம் மக்களின் வீட்டையும், வயலையும், வழிபாட்டையும் அளந்து எழுதப் புகுந்தால் என்ன நேரும்? அமெரிக்கக் கறுப்பர் குலத்து மேதை வில்லியம் எட்வர்ட் பர்கார்ட் டுபாய்ஸின் சரித்திரம் இதற்கு விடை கூறும்.

இவர் 1868-ம் வருஷம் பிப்ரவரி 23-ந் தேதி மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அடிமை முறை ஒழிந்து அப்பொழுது மூன்று வருஷங்களே ஆகியிருந்தன. வடபகுதியில் வளர்ந்த இவர் தென்னாட்டு வாழ்வை முதலில் கண்டது டென்னஸி ராஜ்யத்திலே. பிஸ்க் கலாசாலையில் படித்துக்கொண்டே, கோடை விடுமுறைகளில் அந்நாட்டுப் பட்டிக்காட்டுப் பள்ளியொன்றில் உபாத்தியாயராக இருந்தார். ஊரார் இரவில் கூடி நடத்திய பிரார்த்தனைக் கூட்டம் இவரைத் திகைக்க வைத்தது. பிரசங்கியாரின் கர்ஜனையும், அடிமைகள் விட்டுச் சென்ற கீதங்களும், ஆவேசம் கொண்டு அலறி ஆடுவோரின் நிலையும், அடக்கமான தொழுகையையே அறிந்திருந்த இவ்விளைஞருக்கு முற்றும் புதியவை. நகைத்து ஒதுக்கியிருக்கலாம்; இவர் அவ்வாறு செய்யவில்லை. இதன் வேர் எங்கே என்று கேட்கத் தொடங்கினார்.

ஹார்வர்டிலும் பெர்லினிலும் பயின்று, 1895-ல் ஹார்வர்டின் டாக்டர் பட்டத்தை முதன்முதலாகப் பெற்ற கறுப்பர் என்னும் பெருமையை எய்தினார். மதத்தை ஆராயப் புகுந்த இவரிடம் மதப்பற்று மிகுதியாக இருந்தது என்று நேயர்கள் எண்ணவேண்டாம். வில்பர்போர்ஸ் கலாசாலையில் ஆசிரியராக இருக்கையில், மாணவர் கூட்டமொன்றில் பிரார்த்தனையை இவர் நடத்துவார் என்று அறிவித்தார்கள். இவரோ முடியாது என்று எழுந்து சொல்லிவிட்டார். சபையார் நடத்திய கலாசாலையில் அத்துணிவு இவரது உத்தியோகத்திற்கே உலைவைக்கப் பார்த்தது.

1897-ம் வருஷக் கோடையில் வர்ஜீனியாவில் பார்ம்வில் என்ற புகையிலைச் சந்தையூருக்குச் சென்றார். சர்க்காரின் தொழிலிலாகாவுக்காக நடந்த ஆராய்ச்சி அது. கறுப்பர் வீடுகளிலேயே தங்கி, குடும்பம் குடும்பமாக விசாரித்து, வயது, தொழில், வருமானம், சொத்து அனைத்தையும் குறித்தார். அறிக்கை 1898-ல் வெளியாயிற்று. அவ்வூர் வாழ்வின் நடுநாயகமாக விளங்கியது மாதாகோயிலே என்று அதில் காட்டினார். ஜனங்கள் தொழுததும் அங்கே. செய்தி அறிந்ததும், உறவாடியதும் அங்கே.

அட்லாண்டா சர்வகலாசாலையில் அமர்ந்தபின் ஆண்டுதோறும் மகாநாடு கூட்டி ஆராய்ச்சி நூல்களைப் பதிப்பித்தார். 1903-ல் வெளிவந்தது நீக்ரோ மாதாகோயிலைப் பற்றிய நூல். ஜார்ஜியாவின் தாமஸ் ஜில்லா போன்ற நாட்டுப்புறங்களின் விவரங்களும் அதில் உண்டு. அடிமைக் கப்பல் எல்லாவற்றையும் பறித்தது. ஆயினும் ஆப்பிரிக்கப் பூசாரியின் ஸ்தானம் அழியாமல் பிரசங்கியாரிடம் வந்து சேர்ந்தது என்பது அவரது சித்தாந்தம். அடிமைகளுக்குக் குடும்பம் என்று ஒன்று நிலைபெறுமுன்பே கோயில் நிலைபெற்றுவிட்டது என்றும் கூறினார். பிரசங்கிமார்களின் குறைகளையும் அவர் மறைக்கவில்லை. தம்மவரைப் பற்றி எழுதுகையில் இந்த நேர்மையே அரிது.

உண்மையை எடுத்துக் காட்டினால் போதும், நியாயம் தானே பிறக்கும் என்று அந்நாளில் அவர் உறுதியாக நம்பியிருந்தார். 1899 ஏப்ரலில் அந்நம்பிக்கை ஆட்டங்கண்டது. ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்னும் பண்ணையாளை வெள்ளையர் கும்பல் உயிரோடு எரித்தது. நிதானமாக எழுதிய கடிதத்துடன் பத்திரிகாலயம் நோக்கி நடந்த டுபாய்ஸ், அம்மனிதனின் விரல் எலும்புகள் வழியிலுள்ள ஒரு கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதாக அறிந்து, பாதி வழியில் திரும்பிவிட்டார்.

எனினும் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. 1906-ல் அலபாமாவிலுள்ள லௌண்டஸ் ஜில்லாவைச் சர்க்கார் செலவில் ஆராயப் புறப்பட்டார். பருத்திக் காடு, ஜனங்களில் பெரும்பாலோர் வாரத்துக்குப் பயிரிடும் கறுப்பர், நிலமோ பெரும்பாலும் வெள்ளையருடையது. மன்ரோ வொர்க் முதலிய உதவியாளர் ஊர் ஊராகச் சென்றனர். ஓரிடத்தில் துப்பாக்கி காட்டி விரட்டப்பட்டனர். நிலம் யாருக்குச் சொந்தம், கடன் எப்படி ஏறுகிறது, அதிகாரம் யார் கையில் என்பவற்றைப் படங்களுடனும் கணக்குகளுடனும் எழுதி வாஷிங்டனில் ஒப்புவித்தார். அரசியல் விஷயங்களைத் தொடுகிறதென்று சொல்லிச் சர்க்கார் அதைப் பிரசுரிக்க மறுத்தது. கையெழுத்துப் பிரதியையாவது திருப்பித் தரும்படி கேட்டபோது, அது அழிக்கப்பட்டுவிட்டதாகப் பதில் வந்தது. புத்தகத்தைப் பறிமுதல் செய்யும் சர்க்காரை நாம் கண்டிருக்கிறோம். தானே பணம் கொடுத்து எழுதச் சொல்லித் தானே அழித்த சர்க்கார் இது!

1909-ல் கறுப்பர் முன்னேற்றச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரானார். மறு வருஷம் சர்வகலாசாலையை விட்டு, அச்சங்கத்தின் ‘கிரைஸிஸ்’ பத்திரிகைக்கு ஆசிரியராகி 1934 வரை நடத்தினார். லாலா லஜபதி ராய் அமெரிக்காவில் இருந்த காலத்தில் இவருக்கு நண்பரானார். மகாத்மா காந்தி கறுப்பு ஜனங்களுக்கு அனுப்பிய செய்தி 1929-ல் அப்பத்திரிகையில் வெளியாயிற்று. 1951-ல், எண்பது பிராயம் கடந்தபின், அந்நிய நாட்டின் ஏஜெண்டு என்று குற்றஞ்சாட்டிக் கூண்டில் ஏற்றினார்கள், வழக்கு நிற்கவில்லை. ஆயினும் 1958 வரை பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது.

1961-ல் கானா தேசத்தலைவர் இங்க்ருமாவின் அழைப்பின்பேரில், ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தயாரிக்க அக்ரா நகரம் சென்றார். 1963 ஆகஸ்டு 27-ந் தேதி, தொண்ணூற்றைந்தாம் வயதில், அங்கே காலமானார். மறுநாள் வாஷிங்டனில் உரிமை கோரிக் கூடியிருந்த பெருந்திரளுக்கு மேடையிலிருந்து அச்செய்தி அறிவிக்கப்பட்டது.

லௌண்டஸ் ஜில்லாவில் 1965-ம் வருஷம் பிறந்தபோது, ஜனத்தொகையில் நூற்றுக்கு எண்பது பேர் கறுப்பராக இருந்தும், வாக்காளர் ஜாபிதாவில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. அவ்வூர்களைப் பற்றி அவர் எழுதிய அறிக்கையின் பிரதி இதுவரை அகப்படவில்லை.